ஒப்புதலும் கைநாட்டும்: மென்பொருள் நிறுவலில் அந்தரங்க உரிமை பற்றிய ஒரு நோக்கு

மென்பொருள் ஒன்றைக் கணினியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ நிறுவும்பொழுது, அந்நிறுவலைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அதனை ஆக்கியோருக்கும் அவர்களோடு தொடர்புடைய பிறருக்கும் சென்று சேர்கின்றது. எவ்வகைக் கருவியில் நிறுவப்பட்டது, எந்நேரத்தில் நிறுவப்பட்டது, எவ்விளம்பரத்தின் வழியாக வந்தவர் நிறுவினார், எத்தனை நாட்களின் பின் அதனை நீக்கினார் என்பன அச்செய்தியில் அடங்கும். இதனை நிறுவற் கண்காணிப்பு எனலாம். இக்கண்காணிப்புக்குப் பயனரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது என்றே நிறுவனங்கள் கூறுகின்றன. அவ்வாறு பெறப்படும் ஒப்புதல் உண்மையில் ஒப்புதல்தானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவைப் பசறைப் பகுதியை முன்னிறுத்தி எழுப்புவதற்குக் காரணமுண்டு. பதுளையிலிருந்து மொனராகலை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை முதலிய தோட்டப்பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடைய சிறுநகர். இப்பகுதித் தோட்டத் தொழிலாளரின் வாழ்வு தலைமுறை தலைமுறையாகப் பிறர் எழுதிய பதிவேடுகளால் நிருணயிக்கப்பட்டு வந்துள்ளது. தம்மைப்பற்றிய ஓர் ஏட்டினைத் தாம் வாசிக்க முடியாத நிலையிலும், அதில் தம் கைநாட்டு மட்டும் பதிந்திருக்கும் நிலையிலும் வாழ்ந்த மக்களின் அனுபவம், இன்று தொலைபேசித் திரையில் கேட்கப்படும் ஒப்புதலின் தன்மையை விளங்கிக்கொள்வதற்குத் தகுந்த உரைகல்லாகும்.

1. நிறுவலின்போது நிகழ்வது யாது?

ஆண்ட்ரொயிட் வகைத் தொலைபேசியொன்றில் கூகிளின் செயலிக் களஞ்சியத்திலிருந்து ஒரு செயலி இறக்கப்படுவதாகக் கொள்வோம். இந்நிகழ்ச்சி குறைந்தது மூன்று இடங்களிற் பதிவாகலாம்.

முதலாவது, களஞ்சியம். பயனரின் கணக்கோடு இணைத்து, இன்ன கணக்கினர் இன்ன செயலியை இன்ன நாளில் நிறுவினார் என அது குறித்துக்கொள்கின்றது. புதிய பதிப்புகளை அனுப்புவதற்கு இக்குறிப்பு தேவை என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது, செயலியை ஆக்கியோர். செயலி முதன்முறை திறக்கப்படும்போது, பயனர் எந்த இணைப்பினை அல்லது எந்த விளம்பரத்தினை அழுத்திக் களஞ்சியத்துக்கு வந்தார் என்பதை அது கேட்டறிய முடியும். விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் பயன்தந்ததா என்பதைக் கணக்கிடுவதற்காக இவ்வசதி அமைக்கப்பட்டது.

மூன்றாவது தரப்பினரே பயனரின் கண்ணிற் படாதோர். செயலியை ஆக்குவோர் அதன் எல்லாப் பகுதிகளையும் தாமே எழுதுவதில்லை. பயன்பாட்டைக் கணக்கிடுவதற்கும் விளம்பரங்களைக் காட்டுவதற்கும் வேறு நிறுவனங்கள் எழுதிய கூறுகளை அவர்கள் தம் செயலிக்குள் பொருத்துகின்றனர். அக்கூறுகள் தொலைபேசியின் வகை, அதன் இயங்குதளப் பதிப்பு, மொழி, வலையமைப்பு, விளம்பர அடையாள எண் முதலியவற்றைத் திரட்டித் தம் நிறுவனத்துக்கு நேரே அனுப்பவல்லன. ஒரே கூறு ஆயிரக்கணக்கான செயலிகளுக்குள் இடம்பெற்றிருப்பதால், பஞ்சாங்கச் செயலியை நிறுவியவரும், கடன் செயலியை நிறுவியவரும், நோய் பற்றிய செயலியை நிறுவியவரும் ஒருவரே என்பதை அந்நிறுவனம் பொருத்திப் பார்க்க முடிகின்றது.

இங்கு விளம்பர அடையாள எண் என்பது தொலைபேசிக்கு வழங்கப்படும் நீண்ட குறியீடாகும். அதில் உரியவரின் பெயர் இல்லை. ஆகவே ஆளை அடையாளங்காட்டும் விவரம் எதனையும் தாம் பெறவில்லை என நிறுவனங்கள் வாதிப்பதுண்டு. ஆனால் ஒருவரைப் பின்தொடர்வதற்கு அவர் பெயரை அறிந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. மாறாத அடையாளம் ஒன்று இருந்தாற் போதும். அவ்வெண்ணோடு ஒருமுறை ஒரு தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சல் முகவரியோ இணைக்கப்பட்டுவிடின், அதுவரை பெயரின்றித் திரண்ட குறிப்புகள் அனைத்தும் பெயருடையனவாகிவிடும்.

தொலைபேசியில் உள்ள செயலிகளின் பட்டியலும் அத்தகையதே. ஒருவர் எம்மதத்தின் வழிபாட்டு நூலை வைத்திருக்கின்றார், எக்கட்சியின் செய்திகளைப் படிக்கின்றார், எவரிடம் கடன்பட்டிருக்கின்றார், என்ன நோய்க்கு மருந்துண்கின்றார் என்பதையெல்லாம் அப்பட்டியல் கொண்டே ஊகிக்கலாம். நெடுங்காலம் ஆண்ட்ரொயிட் இயங்குதளத்தில் எச்செயலியும் பிற செயலிகளின் பட்டியலை எளிதில் வாசிக்கக்கூடியதாக இருந்தது. 2020இல் வெளிவந்த ஆண்ட்ரொயிட் 11ஆம் பதிப்பிலேயே இவ்வாய்ப்புக்கு வரையறை விதிக்கப்பட்டது.

2. எண்ணுதலும் பின்தொடர்தலும்

நிறுவற் கண்காணிப்பு முழுவதும் தீங்கானது எனக் கூறுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. தாம் ஆக்கிய மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர், எப்பழைய கருவிகளுக்கு இன்னும் ஆதரவளித்தல் வேண்டும், எவ்விடத்தில் அது செயலிழக்கின்றது என்பனவற்றை அறிதல் ஆக்குவோருக்குப் பயன்படும். தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் இலவசமாக ஆக்கித் தருவோருக்கும் இத்தகைய அறிவு தேவை.

ஆயின் தொகையை எண்ணுதல் வேறு. ஆளைப் பின்தொடர்தல் வேறு. வாசிகசாலைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்தனர் எனக் கோடிட்டு எண்ணுதல் முதலாவது வகை. இன்னார் இன்ன நூலை எடுத்து எத்தனையாம் பக்கத்தில் நிறுத்தினார் எனக் குறித்து, அக்குறிப்பை வணிகருக்குக் கொடுத்தல் இரண்டாவது வகை. முன்னையதன் தேவையைக் காட்டிப் பின்னையதற்கு அனுமதி பெறும் வழக்கமே இன்று பரவலாக உள்ளது.

எண்ணுவதற்குங்கூட ஒப்புதல் கேட்கலாம் என்பதற்கு டெபியன் இயங்குதளம் சான்றாகும். 1993இல் தொடங்கப்பட்ட இக்கூட்டு முயற்சியில், எம்மென்பொருட் பொதிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன என்பதைக் கணக்கிட ஒரு நிரல் உண்டு. இயங்குதளத்தை நிறுவும்பொழுதே, இக்கணக்கெடுப்பிற் பங்குபற்ற விரும்புகின்றீரா எனப் பயனர் வினவப்படுகின்றார். அவ்வினாவுக்கு முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் விடை "இல்லை" என்பதாகும். விரும்புவோர் அதனை மாற்றியமைத்தல் வேண்டும். இதனால் கிடைக்கும் தரவு முழுமையானதன்று. எனினும் அம்முயற்சி பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. 2023இல் கூகிளின் கோ என்னும் நிரல்மொழிக் கருவிகளில், மறுக்காதோர் அனைவரிடமிருந்தும் பயன்பாட்டுத் தரவு திரட்டலாம் எனும் யோசனை முன்வைக்கப்பட்டபோது நிரலாளரிடையே எதிர்ப்பு எழுந்தது. அதன்பின், விரும்பி இசைந்தோரிடமிருந்து மட்டும் தரவைப் பெறுவதாக அவ்யோசனை மாற்றப்பட்டது. கேட்டுப் பெறுதல் நடைமுறைக்கு ஒவ்வாதது எனும் வாதம் இவ்விரு சான்றுகளாலும் வலுவிழக்கின்றது.

3. பதிவேடுகளின் வரலாறு

இனி, தோட்டப்புறத்தின் பதிவேட்டு மரபினைச் சிறிது நோக்குவோம். நிறுவற் கண்காணிப்பு புதுமையானதாயினும், அது எழுப்பும் வினா இம்மக்களுக்குப் புதிதன்று.

தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர், பயணச் செலவுக்கும் முற்பணத்துக்குமாகக் கங்காணியிடம் கடன்பட்ட நிலையிலேயே தோட்டத்தில் வேலை தொடங்கினர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறவேண்டின், அவர்களுடைய கடன் தொகையைக் குறிப்பிட்டு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் தாள் தேவைப்பட்டது. அதுவே "துண்டு" எனப்பட்டது. புதிய தோட்டம் கடனைச் செலுத்தித் தொழிலாளரைப் பெற்றுக்கொண்டது. கடன் தீரவில்லை, கடன்கொடுத்தவர் மாத்திரமே மாறினார். துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் இடையே நடந்த இப்பேரத்தில் துண்டிற் குறிக்கப்பட்ட தொழிலாளி ஒரு தரப்பினன் அல்லன். அவனைப் பற்றிய தாள் அவனுக்கு முன்னே சென்றது. அவன் அதன் பின்னே சென்றான். 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் மூலமே துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்ட தகரவில்லை ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. வழியில் ஏற்படும் செலவை எத்தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அவ்வெண் காட்டிற்று. தொழிலாளியின் பெயரை எவரும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எந்த முகவரின் வழியாக வந்த ஆள், யாருடைய கணக்கிற் பற்றெழுதுவது என்பதே வினா. எந்த விளம்பரத்தின் வழியாக வந்த பயனர், யாருக்குத் தரகு கொடுப்பது என்று இன்று நிறுவற் கண்காணிப்பு எழுப்பும் வினாவும் அமைப்பில் இதனை ஒத்ததே. தகரவில்லை அணிந்தவனின் அடிமைநிலையும் தொலைபேசி வைத்திருப்பவரின் நிலையும் ஒன்றென்பது இதன் பொருளன்று. ஆளைக் கணக்கு எண்ணாக மாற்றும் முறைமை இரண்டிற்கும் பொது என்பதே கருத்து.

எனினும் பதிவு என்பதே தீது எனும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், குறித்த ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வசித்தமைக்கு எழுத்துச் சான்று காட்டவேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிற் பெரும்பகுதி நிராகரிக்கப்பட்டது. தோட்டத்துப் பதிவுகள் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. தன்னைக் கட்டுப்படுத்தப் பயன்பட்ட ஏடு, தன் உரிமையை நிலைநாட்ட வேண்டிய வேளையில் அவனுக்குக் கைகொடுக்கவில்லை.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் எதிர்காலம் 1974வரை ஒத்திவைக்கப்பட்டது. தனித்தனி விண்ணப்பங்கள் பின்னர் கோரப்பட்டன என்பது உண்மையே. ஆனால் தொகை முதலில் நிருணயிக்கப்பட்டது. விருப்பம் அதன் பின்னரே வினவப்பட்டது. முடிவு செய்யப்பட்டதன் பின் கேட்கப்படும் ஒப்புதல் எத்தகையது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டினை நம் வரலாற்றிற் காண்டல் அரிது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. ஏடு யாரிடம் உள்ளது? அதில் எழுதப்பட்டிருப்பதை உரியவர் வாசிக்க முடியுமா? மறுப்பதற்கு அவருக்கு இடமிருந்ததா? மென்பொருள் நிறுவலின்போது பெறப்படும் ஒப்புதலையும் இம்மூன்று வினாக்களாலேயே அளத்தல் வேண்டும்.

4. ஒப்புதலின் இலக்கணம்

ஒப்புதல் என்பது சுயவிருப்பின் பேரில் அளிக்கப்பட்டதாகவும், குறித்த நோக்கத்துக்கு மட்டும் உரியதாகவும், விடயத்தை அறிந்தபின் அளிக்கப்பட்டதாகவும், ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுத்தப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பது இன்று பல நாடுகளின் சட்டங்கள் ஏற்கும் இலக்கணமாகும். 2018 மே மாதம் 25ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் இதனை விரிவாக வகுத்துரைக்கின்றன. 2019 ஒக்டோபர் முதலாம் நாள், பிளனெட்49 என்னும் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்பினை வழங்கியது. முன்கூட்டியே சரியடையாளம் இடப்பட்ட கட்டத்தைப் பயனர் மாற்றாமல் விட்டுவிடுதல் ஒப்புதல் ஆகாது என்பதே அத்தீர்ப்பு. வாளாவிருத்தலைச் சம்மதத்துக்கு அறிகுறியாகக் கொள்ளும் வழக்கத்தை இது மறுதலித்தது.

கேட்பதே போன்று கேட்டு, விடையைப் பொருட்படுத்தாத நிகழ்ச்சியும் உண்டு. 2005இல் சோனி பீ.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகள் சிலவற்றைக் கணினியில் இட்டபோது, பிரதிசெய்தலைத் தடுக்கும் மென்பொருள் மறைவாக நிறுவப்பட்டது. அத்தட்டுகளிற் பயன்பட்ட மென்பொருள் வகைகளுள் ஒன்று, உரிம உடன்படிக்கையைப் பயனர் நிராகரித்தபின்னும் கணினியில் தங்கிவிட்டது. இது அம்பலமானதும் வழக்குகள் தொடரப்பட்டு, தட்டுகள் மீளப்பெறப்பட்டன.

கேட்கும் முறை மாறும்போது விடையும் மாறுகின்றது. 2015இல் வெளிவந்த ஆண்ட்ரொயிட் 6ஆம் பதிப்புக்கு முன்னர், ஒரு செயலி வேண்டும் அனுமதிகள் அனைத்தும் நிறுவும் வேளையிலேயே ஒருசேரப் பட்டியலிடப்பட்டன. அனைத்துக்கும் இசைந்தால் நிறுவலாம். ஒன்றையேனும் மறுத்தால் செயலியே இல்லை. அதன் பின்னரே, ஒளிப்படக்கருவி தேவைப்படும் வேளையில் அதற்கான அனுமதியைத் தனியே கேட்கும் முறை வந்தது. 2021 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனம், பிற நிறுவனங்களின் செயலிகளுக்கிடையே பயனரைப் பின்தொடர்வதற்கு முன்னர் வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும் என்னும் விதியைக் கொணர்ந்தது. நேரே கேட்கப்பட்டபோது மறுத்தோர் மிகப் பலர். அதற்கு முன்பு அவர்கள் ஒப்புதல் அளித்திருந்ததாகக் கருதப்பட்டமை எத்துணைப் பொருளற்றது என்பதை அது காட்டிற்று. அப்பிள் நிறுவனமும் தன் வணிக நலனை மறந்து இதனைச் செய்யவில்லை என்பதையும் உடன் கூறுதல் தகும்.

5. மறுக்கும் வலிமை

ஒப்புதலின் இலக்கணத்துள் தலையாயது சுயவிருப்பு. மறுத்தால் இழப்பு நேருமாயின் அங்குச் சுயவிருப்பு இல்லை. செல்வரின் மறுப்புக்கும் வறியவரின் மறுப்புக்கும் விலை வேறாதலின், இது வர்க்கத்தோடு தொடர்புடைய வினாவுமாகும்.

2020இல் பெருந்தொற்றின்போது இந்திய அரசு ஆரோக்கிய சேது என்னும் செயலியை வெளியிட்டது. அது விருப்பத்துக்குரியது என முதலிற் கூறப்பட்டது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில், வேலைக்குச் செல்லும் ஊழியர் அனைவரும் அதனை நிறுவுதல் கட்டாயம் என ஆணையிடப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தபின், அதே மாத நடுப்பகுதியில் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஓகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது. வேலை வேண்டுமாயின் செயலியை நிறுவு என்பது வேண்டுகோள் அன்று.

நம் நாட்டில் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, தேசிய எரிபொருள் அனுமதி முறை கொணரப்பட்டது. ஆள் அடையாள விவரங்களையும் வாகன விவரங்களையும் பதிவுசெய்து குறியீட்டுச் சதுரம் பெற்றோர்க்கே ஒதுக்கீடு கிடைத்தது. பங்கீட்டைச் சீராக்க அது உதவிற்று என்பது மறுக்கப்படாது. 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்டது. ஆனால் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அப்பதிவினை மறுக்கும் தெரிவு இருந்ததெனக் கூறமுடியாது. இத்தகைய இடங்களில் ஒப்புதல் எனும் சொல்லையே தவிர்த்து, இது கட்டாயம் என ஒப்புக்கொண்டு, திரட்டிய தரவு எப்பொழுது அழிக்கப்படும் என்பதை அறிவித்தலே நேர்மையாகும்.

கல்வித்துறையில் இவ்வினா இன்னும் கூர்மையடைகின்றது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், பாடங்கள் தொலைபேசிச் செயலிகளின் வழியே நடந்தன. 2021இல் லுணுகலைப் பகுதியின் போகிட்டியாவ என்னும் சிற்றூரில், சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து பாறைமீதேறிப் பாடம் கேட்ட செய்தி உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. அவ்வாறு ஏறிச்சென்ற பிள்ளையிடம், இச்செயலியின் நிபந்தனைகளை ஏற்கின்றாயா எனத் திரை கேட்குமாயின், அப்பிள்ளை கூறக்கூடிய விடை ஒன்றே. 2022 மே மாதத்தில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட ஆய்வு, 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றுக் காலத்திற் பரிந்துரைத்த நூற்றறுபதுக்கு மேற்பட்ட கல்வி மென்பொருட்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் அந்தரங்கத்துக்கு ஊறு விளைத்தன அல்லது விளைக்கக்கூடியனவாக இருந்தன.

கடன் செயலிகளும் இவ்வகையினவே. நிறுவும்பொழுது தொலைபேசியின் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி பெற்று, தவணை தவறியதும் உறவினருக்கும் அயலாருக்கும் அழைத்து அவமானப்படுத்தும் முறை இந்தியாவிற் பெருகியதனால், 2022 செப்டெம்பரில் இந்திய ரிசேர்வ் வங்கி அத்தகைய அணுகலைத் தடைசெய்தது. 2023இல் கூகிளும் தன் களஞ்சியத்தின் கடன் செயலிகளுக்குத் தொடர்புகளையும் ஒளிப்படங்களையும் அணுகத் தடைவிதித்தது. கடனைக் காரணமாகக் கொண்டு ஒருவரின் உற்றார் உறவினரையும் கணக்கேட்டிற் சேர்க்கும் இம்முறை, குடும்பம் குடும்பமாகக் கடன் எழுதிய கங்காணி முறையை நினைவூட்டுவதாகும். மேலும், தொடர்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ள பிறர் எவரும் எதற்கும் ஒப்புதல் அளித்தவரல்லர்.

6. யாருடைய விரல்?

ஒரு தொலைபேசி ஓர் ஆள் என்னும் கணிப்பின்மேலேயே நிறுவற் கண்காணிப்பு முழுவதும் கட்டப்பட்டுள்ளது. லயத்து வாழ்க்கையில் இக்கணிப்பு பெரிதும் பொருந்துவதில்லை. கொழும்பில் வேலைசெய்யும் மகன் வாங்கித் தந்த ஒரு தொலைபேசியைத் தாயும், தகப்பனும், பாடசாலைப் பிள்ளையும் மாறிமாறிப் பயன்படுத்தும் வீடுகள் தோட்டப்புறத்தில் உண்டு. தகப்பனின் கணக்கிற் பிள்ளை படிக்கும்போது, நிறுவனத்தின் கண்ணுக்கு அப்பிள்ளை வயதுவந்தவராகவே தோன்றும். பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட பாதுகாப்புகள் அதனைச் சென்றடையா.

மேலும், புதிய தொலைபேசியைப் பெரும்பாலும் கடையிலுள்ள இளைஞரோ அறிந்த உறவினரோ அமைத்துக் கொடுக்கின்றனர். கணக்குத் திறப்பவரும், நிபந்தனைகளை ஏற்பவரும், அனுமதிகளை அழுத்துபவரும் அவரே. சட்டத்தின் கண்ணில் ஒப்புதல் அளித்தவர் தொலைபேசிக்கு உரியவர். உண்மையில் அழுத்தியது மற்றொருவரின் விரல். கணக்கப்பிள்ளை எழுதிய தாளில், வாசித்துக் காட்டப்படாமலே பெருவிரலைப் பதித்த காலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுண்டு: அன்று விரலாவது உரியவருடையதாக இருந்தது.

மொழி பற்றிய பிரச்சினை இதனோடு இணைந்தது. பசறை, இருமொழி நிருவாகத்துக்கென அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்று. அரச அலுவலகத்தில் தமிழிற் படிவம் கேட்கும் உரிமை அங்குள்ளோருக்கு உண்டு. ஆனால் அவர்கள் நிறுவும் செயலிகளிற் பலவற்றின் அந்தரங்கக் கொள்கை, சட்ட நடையில் அமைந்த நெடிய ஆங்கிலப் பத்திரமாகவே உள்ளது. தமிழில் உள்ளனவும் இயந்திர மொழிபெயர்ப்பாகச் சிதைந்து கிடப்பதுண்டு. அறிந்தபின் அளிப்பதே ஒப்புதல் எனின், அறியமுடியாத மொழியிற் பெற்றதை என்னென்பது?

7. இலங்கைச் சட்டத்தின் நிலை

அந்தரங்கம் இலங்கை அரசியலமைப்பில் தனியானதோர் அடிப்படை உரிமையாக வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 2015இல் 19ஆம் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட தகவலறியும் உரிமைக்கு வரையறையாகவே அச்சொல் அங்கு இடம்பெறுகின்றது. இந்நிலையில், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முக்கியத்துவம் வாய்ந்தது. சுயவிருப்பு, குறித்த நோக்கம், அறிந்திருத்தல், ஐயமின்மை ஆகிய நான்கினையும் அது ஒப்புதலின் கூறுகளாகக் கொள்கின்றது. அளித்த ஒப்புதலை மீளப்பெறும் உரிமையையும் அது வழங்குகின்றது. ஒப்புதல் பெறப்பட்டது என நிறுவும் பொறுப்பு தரவைத் திரட்டுவோரையே சாரும்.

எனினும் சட்டம் நிறைவேறியமையும் நடைமுறையாவதும் ஒன்றல்ல. அதன் பகுதிகள் ஒரே காலத்தில் நடைமுறைக்கு வரவில்லை. முக்கிய ஏற்பாடுகளுக்கென 2025 மார்ச்சிற் குறிக்கப்பட்டிருந்த நாள் தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் முழுமையாகச் செயற்படும்பொழுதுங்கூட, உரிமை உண்டு என்பதை அறியாதார்க்கு அது பயன்படாது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு முறையிட வேண்டியவர், முதலில் தம் தொலைபேசியிலிருந்து ஏதோ செல்கின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

8. செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஒப்புதலின் மதிப்பு, எத்தனை பேர் "ஆம்" என்றனர் என்பதில் இல்லை. "இல்லை" என்றவர் எதனை இழந்தார் என்பதிலேயே உள்ளது. மறுத்தவருக்கும் செயலி வேலை செய்யுமாயின், அளிக்கப்பட்ட ஒப்புதல் ஒப்புதலே. மறுத்தவருக்குப் பாடமோ, கூலியோ, எரிபொருளோ இல்லையாயின், அது கைநாட்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு சில நடைமுறைகளை வற்புறுத்தலாம். மென்பொருள் ஆக்குவோர், எண்ணுதலுக்குரிய தரவையும் பின்தொடர்தலுக்குரிய தரவையும் பிரித்து, பின்னையதனைத் தனியே கேட்டல் வேண்டும். முன்கூட்டிய விடை "இல்லை" என்றே இருத்தல் வேண்டும். நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கும் தமிழ்ச் செயலிகளிலிருந்தே இம்முறையைத் தொடங்குவதற்குத் தடை ஏதுமில்லை. செயலியைப் பரிந்துரைக்கும் பாடசாலைகளும் திணைக்களங்களும், அது எதனைத் திரட்டுகின்றது என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எளிய தமிழில் எழுதித் தருதல் வேண்டும். நிறுவ இயலாதவருக்கும் நிறுவ விரும்பாதவருக்கும் மாற்றுவழி ஒன்றைக் காட்டுதலும் வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதிற் கடமையுண்டு. கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசுகளும் கணினிவழி வரவுப் பதிவுகளும் சில தோட்டங்களில் இடம்பெற்று வருகின்றன. பேரா அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளையின் பேனா தீர்மானித்த இடத்தில் இனிக் கருவி தீர்மானிக்கும். நிறுவையிற் குறை காட்டுவதைத் தடுக்க அது உதவவுங்கூடும். ஆயின் அத்தரவு யாரிடம் உள்ளது, தொழிலாளி தன் பதிவை நாள்தோறும் பார்க்க முடியுமா, எத்தனை ஆண்டுகள் அது வைக்கப்படும், வேறு யாருக்குக் கொடுக்கப்படும் என்பன கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளிற் சம்பளத்தோடு சேர்த்துப் பேசப்படவேண்டியவை. தனி ஒரு தொழிலாளியால் மறுக்க இயலாததைச் சங்கத்தாற் பேரம்பேச முடியும். தொலைபேசித் திரை ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பதனால், இவ்வினாவும் தனிமனிதர்க்கு மட்டும் உரியது என மயங்குதல் கூடாது.

தொலைபேசியைப் பயன்படுத்துவோர் தாமே உடன் செய்யக்கூடியன சிலவும் உள. விளம்பர அடையாள எண்ணை அமைப்புப் பகுதியில் நீக்கிவிடலாம். தொடர்புகள், இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கு அளித்த அனுமதிகளை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே பார்த்து மீளப்பெறலாம். பயன்படுத்தாத செயலிகளை அகற்றலாம். பசறைச் சந்தைக்கு வரும் ஒருவருக்கு இவற்றைக் காட்டிக்கொடுக்கக் கால்மணி நேரம் போதும். தமிழ்ச் சங்கங்களும் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் வாசிகசாலைகளும் ஏற்றுச் செய்யத்தக்க பணி அது. முன்னொரு காலத்தில் படிவம் நிரப்பித் தருதலும் கடிதம் வாசித்துக் காட்டுதலும் படித்த இளைஞரின் சமூகப்பணியாகக் கருதப்பட்டன. அப்பணி முடிந்துவிடவில்லை, வாசித்துக்காட்ட வேண்டிய தாள் இன்று திரையில் உள்ளது.